எல்லாப் பைகளிலும் ஒரு பெரிய புத்தகம்

நான் வேலை செய்து ஓய்வு பெற்ற நூலகத்தில் இப்போது சிறுவர் பகுதியை நடத்தும் இளம் உதவியாளர்கள், போன மாதம் என்னை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார்கள். வீடுகளுக்குப் புத்தகப் பை அனுப்பி, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கிற வேலையைத் திரும்பத் தொடங்குகிறார்களாம். அந்த வேலையை முன்பு செய்தவள் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தேநீரும் வடையும் தந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் அவர்களில் ஒரு பிள்ளை தன் போனைத் தூக்கிக் காட்டி, "மிஸ், ஒவ்வொரு வீட்டிலயும் எல்லாரும் சேந்து வாசிக்கிறத போட்டோ எடுத்து, பேரும் ஊரும் புள்ளைகள்ட வயசும் எழுதி பேஸ்புக்கில போடப் போறம்" என்றாள்.

"போடாதீங்க" என்றேன்.

"ஏன் மிஸ்? நல்ல விசயம்தானே?"

நல்ல விசயம்தான். ஆனாலும் போடக்கூடாது என்றுதான் எனக்குப் பட்டது. அங்கே இருந்த நேரத்துக்குள் அதை விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. சந்தேகம் பிடித்த கிழவி என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் பிழையில்லை. அந்தச் சந்தேகத்தை எனக்குக் கற்றுத் தந்தவரையும், அது தேவைப்பட்ட ஒரு வீட்டையும் பற்றி, பெயர்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

நான் நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது பொறுப்பாக இருந்தவர் திலகவதி மிஸ். மெலிந்த உடம்பு, சத்தம் உயராத குரல். எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "இத ஆர் கேட்டது?" என்பார். மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தாலும் அதே கேள்விதான், ஒரு பிள்ளை வந்து புத்தகம் கேட்டாலும் அதே கேள்விதான். புத்தகத்துக்கு உறை போடவும், பிய்ந்த முதுகை ஒட்டவும் ஒரு வருடத்தில் படித்துவிட்டேன். மிஸ்ஸிடம் படித்த மற்றப் பாடத்துக்குப் பல வருடம் எடுத்தது.

சுனாமி வந்து ஊர்களைக் கொண்டுபோன பிறகுதான் புத்தகப் பை வேலை தொடங்கியது. கடற்கரைப் பக்கம் வீடிழந்தவர்களை, கடலோடு சேரும் வாவியின் கரையோரம் தகரக் கொட்டில்களில் இருத்தியிருந்தார்கள். பெரியகல்லாறு, களுவாஞ்சிக்குடி, இன்னும் பல ஊர் ஆட்கள் ஒன்றாக. பக்கத்துக் கொட்டிலில் இருப்பவர் யாரென்றே பலருக்குத் தெரியாது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று சிறுவர் புத்தகங்களை வாங்கித் தந்து, குடும்பமாக வாசிக்கப் பழக்கச் சொல்லி எங்கள் நூலகத்திடம் கேட்டது. மிஸ் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சம்மதித்தார்.

முதல் நாள் நான் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் கொட்டிலிலேயே ஒரு தாய் கேட்டாள்: "பேரக் கேக்கிறீங்க, வயசக் கேக்கிறீங்க. மறுகா என்ன கேப்பீங்க?"

அந்த மாதங்களில் குடியிருப்புக்கு யார் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். டொபி தந்து தலையைத் தடவிவிட்டு, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்துப் போனவர்கள் இருந்தார்கள். வேதக்காரரின் சிலுவைப் படம் போட்ட புத்தகம் தந்தவர்கள் இருந்தார்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று ஏற்கனவே அங்கே இருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டில் இருக்கிறது என்பது அப்போது வெளியில் சொல்லும் சேதி அல்ல. ஆயுதம் வைத்திருந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தப் பக்கத்தார் கூட்டிப்போனார்கள் என்பதைத் தாய்மாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படியான காலத்தில் நான் பெயரும் வயதும் எழுதத் தாளோடு போயிருக்கிறேன்.

திரும்பி வந்து மிஸ்ஸிடம் சொன்னேன். "தாய்மார் சொல்ல மாட்டினம். சொல்லவும் கூடாது" என்றார். "பேர் இல்லாமக் குடுக்க வழி பார்."

நானும் இன்னொரு உதவியாளரும் துணிப்பைகள் தைத்தோம். ஒவ்வொரு பையிலும் வேறு நிறத் துணியில் ஒரு உருவம் வெட்டித் தைத்தோம். மீன், நண்டு, இறால், கொக்கு, தாமரைப்பூ, தோணி. ஒரு வீடு தனக்குப் பிடித்த பையை எடுத்துக்கொள்ளும். கிழமைக்கு ஒரு தடவை அதே பை திரும்பி வரும், வேறு புத்தகத்தோடு போகும். எங்களுக்கு அது நண்டுப் பை வீடு, தோணிப் பை வீடு, அவ்வளவுதான். பையில் இரண்டு புத்தகம், பாதியாக வெட்டிய கலர் பென்சில்கள், செய்து பார்க்க ஏதாவது ஒன்று. ஒரு தடவை மஞ்சாடி விதை ஒட்டிப் படம் செய்வது, இன்னொரு தடவை பனையோலை மடிப்பது. மிஸ் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: ஒரு புத்தகத்தை எப்போதும் இரண்டு பேராவது சேர்ந்து பார்க்க வேண்டும். எழுத்துத் தெரியாத தகப்பனும் படத்தைப் பார்த்து மாட்டின் சத்தமும் நாயின் சத்தமும் போடலாம். அது சில வீடுகளில் வாசிப்பைவிட நன்றாக நடந்தது.

புத்தகங்களைப் பைக்குள் போடுமுன் மிஸ் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்ப்பார். அட்டையில் புலி இருந்தால் எடுத்துவிடுவார், வழியில் சோதனைச் சாவடி இருக்கிறது. அரசாங்கக் கொடியில் உள்ள சிங்கம் இருந்தாலும் எடுத்துவிடுவார், அதற்கு வேறு ஆட்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஒரு நாள் சாவடியில் ஒரு ஆமிக்காரன் பைகளைக் கொட்டி எல்லாவற்றையும் பார்த்தான். ஒரு புத்தகத்தில் கோடு கோடாக ஒரு மிருகம். விரலை வைத்து என்னைப் பார்த்தான். "பூனை" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. "மியாவ்" என்று சத்தம் போட்டுக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு பைகளைத் தந்தான்.

நண்டுப் பை வீடு குடியிருப்பின் கடைசியில், வாவிக்கு ஒட்டினாற்போல் இருந்தது. பெயர்களை நாங்கள் எழுதாவிட்டாலும் அயலில் கூப்பிடுவது காதில் விழும். தகப்பன் சோமசுந்தரம் வாவியில் வலை வீசுகிறவர். தாய் யோகம். அவர்களோடு ஆறு வயது மகன். மூத்த மகளைக் கொழும்பில் தெரிந்த வீட்டில் விட்டிருக்கிறோம் என்று அயலில் சொல்லியிருந்தார்கள். அப்போது பலரும் பிள்ளைகளை அப்படித் தூரத்துக்கு அனுப்பியிருந்ததால் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. சோமசுந்தரம் என்னோடு பேசமாட்டார். நான் போகும் நேரத்தில் வீட்டில் இருந்தால் வாசலுக்குக் குறுக்கே நின்று பையை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்பார்.

அன்று அவர் வாவிக்குப் போயிருந்தார். யோகம் என்னை உள்ளே இருக்கச் சொன்னாள். கொட்டிலை இரண்டாகப் பிரித்து ஒரு சேலை தொங்கியது. மகன் என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டான். போன கிழமை கொடுத்த நண்டுக் கதையை வாசித்துக் காட்டும்படி யோகத்தைக் கேட்டேன். வெட்கப்பட்டாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள்.

"மழை பெய்தது. நண்டு தன் வலையைத் தேடியது."

மகன் சிரித்தான். "நண்டுக்கு என்னத்துக்கு வலை? நண்டு மீன் புடிக்கப் போறதா?"

"எழுதிக் கிடக்கே" என்றாள் யோகம்.

சேலைக்கு அங்கால் இருந்து ஒரு குரல் மெல்லச் சொன்னது: "வலை இல்ல யோகம்மா, வளை. நண்டு இருக்கிற பொந்து."

யோகத்தின் விரல் பக்கத்தில் அப்படியே நின்றது. மகன் சேலையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, பார்த்ததைத் திருத்திக்கொள்வதுபோல் குனிந்துவிட்டான். ஆறு வயதுப் பிள்ளைக்கு மறைக்கும் பழக்கம் வந்திருந்தது.

"றேடியோ" என்றாள் யோகம். அங்கே றேடியோ இல்லை.

நான் ஒன்றும் கேட்காதவள்போலப் பென்சில்களைப் பொறுக்கிப் பையில் போட்டேன். "வளைதான் சரி" என்று மகனிடம் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். மகளைக் கொழும்பில் விட்டிருக்கிறோம் என்று சொன்னது பொய். அல்லது அவள் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். எப்படியோ, அந்த வெக்கைத் தகரத்துக்குள், ஒரு சேலைக்குப் பின்னால், வாய் திறக்காமல் நாள் முழுக்க இருக்கிறாள். தாய் பிழையாக வாசித்த ஒரு சொல்லைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கிழமை நண்டுப் பையைக் கட்டும்போது சின்னப் புத்தகங்களுக்குக் கீழே ஒரு பெரிய புத்தகத்தை வைத்தேன். தடியை நட்டு நிழலைப் பார்த்து நேரம் சொல்வது, பேரீச்சம்பழப் பெட்டியில் கண்ணாடித் தாள் ஒட்டிப் படம் காட்டுவது என்று செய்து பார்க்கும் விசயங்கள் நிறைய உள்ள புத்தகம். சிறுவருக்கு அல்ல, வளர்ந்த பிள்ளைகளுக்குரியது.

இரண்டு நாள் கழித்து சோமசுந்தரம் நூலகத்துக்கு வந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஈரம் காயவில்லை. பையை என் மேசையில் வைத்தார்.

"இதுக்குள்ள இரிக்கிற பெரிய புத்தகம் ஆருக்கு?"

"வீட்டில இருக்கிற ஆக்களுக்கு."

"வீட்டில ஒரு பொடியன்தான். நிழலப் பாத்து நேரம் சொல்லுறது அவனுக்கு என்னத்துக்கு?"

"நீங்க வாசிச்சுக் காட்டலாம்."

"நான் வாசிக்கிறவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்ன?"

உண்மையைச் சொன்னால் அடி யோகத்துக்கு விழுமா, அந்தப் பிள்ளைக்கு விழுமா என்று எனக்குத் தெரியாது. அவர் குனிந்து, என் முகத்துக்கு நேரே, சத்தம் வராமல் கேட்டார்.

"ஆர் சொன்ன? அத மட்டும் சொல்லுங்க. நான் உங்கள ஒண்டும் செய்ய மாட்டன்."

"ஆரும் ஒண்டும் சொல்லல்ல அண்ணன். புத்தகம் மாறி வந்திட்டுது."

அவர் நம்பவில்லை. பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். அது பிறகுதான் எனக்கு உறைத்தது.

திலகவதி மிஸ் தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் புத்தகத்த ஏன் வச்சாய்?"

"தவறுதலா வச்சிட்டன் மிஸ்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ள நிறைய நேரம் எடுத்தார். நான் ஏதாவது இன்னும் சொல்வேனா என்று பார்த்தாரா, சொல்லிவிடுவேனோ என்று பயந்தாரா, எனக்கு இன்றும் தெரியாது.

"நல்லது" என்றார். "வாற கிழமை எல்லாப் பையிலயும் தவறுதலா வை."

அவ்வளவுதான். காரணம் எதையும் அவர் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. மீன் பைக்கு ஒன்று, கொக்குப் பைக்கு ஒன்று, தவழும் பிள்ளை மட்டும் உள்ள தாமரைப் பைக்கும் ஒன்று, பிள்ளைகளே இல்லாமல் இரண்டு வயோதிபர் இருந்த தோணிப் பைக்கும் ஒன்று. இருந்த பெரிய புத்தகங்கள் போதவில்லை. பெரியவர்கள் பகுதியிலிருந்தும் இறக்கினோம். நண்டுப் பையை நானே கொண்டுபோய்ச் சோமசுந்தரத்திடம் நீட்டினேன். "இனி எல்லா வீட்டுக்கும் இப்பிடித்தான். பக்கத்தில கேட்டுப் பாருங்க" என்றேன். அவர் என் முன்னாலேயே அடுத்த கொட்டிலுக்குப் போய், அவர்களுடைய பையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, நண்டுப் பையை வாங்கினார்.

கொஞ்ச நாளில் மோட்டார் சைக்கிளில் இரண்டு இளைஞர்கள் நூலகத்துக்கு வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் நின்றார்கள். ஒருவன் சிறுவர் பகுதியில் ஒரு படப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். மற்றவன் திலகவதி மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் இருந்தான். மிஸ் அவனுக்குப் பிளேன்ரீ போடச் சொன்னார்.

"குடியிருப்புக்குப் புத்தகம் குடுக்கிறீங்களாம். நல்ல சேவை" என்றான். "பெரிய புள்ளைகள்ட புத்தகம் எந்தெந்த வீட்டுக்குப் போகுது மிஸ்?"

மிஸ் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அவர் உடனே பதில் சொன்னதை அன்று ஒரு தடவைதான் கண்டேன்.

"எல்லா வீட்டுக்கும் தம்பி."

"கைப்புள்ள இருக்கிற வீட்டுக்குமா?"

"அம்மா அப்பாவும் சேந்து வாசிக்கத்தானே இந்தத் திட்டம். புள்ளைக்கு மட்டும் குடுத்தா அவங்க எப்ப வாசிக்கிற?"

அடுத்த நாள் கொண்டுபோகக் கட்டிய பைகள் மூலையில் இருந்தன. அவன் எழும்பிப் போய் ஒன்றைத் திறந்தான். இன்னொன்றைத் திறந்தான். தோணிப் பையையும் திறந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய புத்தகம். தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு, "வாறம் மிஸ்" என்று போனான். படப் புத்தகம் பார்த்தவன் அதை எடுத்த இடத்தில் சரியாக வைத்திருந்தான்.

பெரிய பிள்ளைகளின் புத்தகம் முதலில் ஒரு பையில் மட்டும் போனது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? சோமசுந்தரம் வந்த அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நாங்கள் சிலர்தான். பைகளை ஏற்றிப்போகும் ஓட்டோக்காரர் வாசலில் நின்றார். யார் வாயிலிருந்து போனது என்று மிஸ் விசாரிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் எல்லார் முன்னாலும் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எல்லார் என்பதில் நானும் இருந்தேன். எனக்கு நொந்தது. நானும் மற்றவர்களைப் பார்த்து அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

குடியிருப்பில் நடந்தது வேறு. எல்லா வீட்டிலும் பெரிய புத்தகம் கிடந்ததால் ஆட்கள் அதைத் திறந்துபார்க்கத் தொடங்கினார்கள். அடுத்த தடவை போனபோது கொட்டில்களுக்கு நடுவே ஒரு தடி நட்டிருந்தது. சுற்றிவரக் கல். நிழல் எந்தக் கல்லில் விழுந்தால் பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று இரண்டு தகப்பன்மார் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் ஓடிப்போய்க் கல்லைத் தள்ளிவைத்து இன்னும் குழப்பினார்கள். தோணிப் பை வீட்டு வயோதிபர் தன் மனைவிக்குச் சத்தமாக வாசிப்பதைக் கேட்க மாலையில் பக்கத்துப் பிள்ளைகள் போய் இருப்பார்கள் என்று சொன்னார்கள். குடும்பமாக வாசிக்க வேண்டும் என்று நாங்கள் மாதக்கணக்கில் சொல்லி நடக்காதது, ஒரு பிள்ளையை மறைப்பதற்காகச் செய்த வேலையில் நடந்துவிட்டது.

நண்டுப் பை வீட்டில் என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சில கிழமைகளில் அவர்கள் கொட்டிலைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று அயலில் யாருக்கும் தெரியவில்லை. பை கதவுக் கொண்டியில் தொங்கியது. இரண்டு சின்னப் புத்தகமும் உள்ளே இருந்தன. பெரியது இல்லை.

பிறகு சண்டை எங்கள் பக்கத்தில் ஓய்ந்தது. கொஞ்சக் காலத்தில் வன்னியிலும் முடிந்தது. திலகவதி மிஸ் ஓய்வு பெற்று மகனிடம் போய்விட்டார். அவருடைய மேசைக்கு நான் வந்தேன். ஒரு நாள் மத்தியானம் ஒரு மனிதர் வந்து என் முன்னால் நின்றார். தலை நரைத்திருந்தது. வாசலுக்குக் குறுக்கே நிற்பதுபோலவே நின்றதால்தான் அடையாளம் கண்டேன்.

"இரிங்க அண்ணன்."

சோமசுந்தரம் கதிரையில் இருக்கவில்லை. இப்போது வாழைச்சேனையில், மீன்பிடித் துறைமுகத்தில் வேலை என்றார். மகளுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது என்றார். அவள் இருக்கிறாள் என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்குக் கேட்டத்துக்கு நீங்க மறுமொழி சொல்லல்ல. இப்ப சொல்லுங்க. மகள் வீட்டில நிக்கிறாள் எண்டு உங்களுக்குத் தவராசாதானே சொன்னவன்?"

"தவராசா ஆர்?"

"யோகத்திர தம்பி. பெரியகல்லாத்தில மரவேலை. கொழும்பில அவளுக்குச் சுகமில்லாமப் போய், அவன்தான் கூட்டிக்கொண்டு வந்து விட்டவன். அவனத் தவிர வேற ஒரு சனத்துக்கும் தெரியா."

அந்தப் பெரிய புத்தகம் வந்த நாளிலிருந்து அவர் மைத்துனனோடு பேசவில்லை. அவன் வந்தபோது வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறார். உறவில் ஒரு செத்த வீட்டுக்கும் அவனால் போகவில்லை, கோயில் திருவிழாவில் கண்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேண்டும் என்று யோகம் அழுகிறாளாம்.

"நான் தவராசாவக் கண்டதே இல்ல" என்றேன். "உங்கட மகள்தான் எனக்குக் காட்டித் தந்தவ."

நடந்ததைச் சொன்னேன். யோகம் வாசித்ததையும், சேலைக்குப் பின்னால் இருந்து குரல் வந்ததையும் சொன்னேன். அவர் முகம் இளகவில்லை.

"யோகம் இஞ்ச வந்தவளா? இப்பிடிச் சொல்லச் சொல்லி?"

"இல்ல."

"மகள் வந்தவளா?"

"நீங்க எங்க போனீங்க எண்டே எனக்குத் தெரியாதே அண்ணன்."

"சத்தியமா?"

"உங்கட மகள் தாயை அம்மா எண்டு கூப்பிடுறதில்ல. யோகம்மா எண்டுதான் அண்டைக்குச் சொன்னவ. அத எனக்குத் தவராசா சொல்லியிருப்பாரா?"

அப்போதுதான் அவர் கதிரையில் இருந்தார். வாசலில் ஒரு பிள்ளை புத்தகத்தோடு வந்து நின்றது. காத்திருக்கும்படி கையால் காட்டினேன்.

"சின்னனிலயும் அப்பிடித்தான்" என்றார். "ஆரும் பிழையா ஒண்டு சொன்னா அவளுக்குப் பொறுக்காது."

பிறகு கேட்டார்: "அண்டைக்கே ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"உங்களுக்குச் சொன்னா அவவ அடிப்பீங்க எண்டு நினைச்சன்."

அவர் அதை மறுக்கவில்லை. எழும்பினார். போகுமுன், நான் இந்தக் கதையை வேறு யாரிடமாவது சொன்னேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அதையும் அவர் முழுதாக நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

நூலகத்துக்கு முன்னால்தான் பஸ் தரிப்பு. வாழைச்சேனைக்குப் போகிறவர் எங்கள் மதிலோரம் நிற்க வேண்டும். நான் ஜன்னலால் பார்த்தேன். அவர் மதிலோரம் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு பஸ் வந்து நின்றது, அவர் ஏறவில்லை. திரும்பி நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். பிறகு வீதியைக் கடந்து, பெரியகல்லாற்றுப் பக்கம் போகிற பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றார்.